"காணப்படுகின்றது" என்றால், யார் கண்டது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து வந்து, கலைப்பீடத்தில் இறுதியாண்டு படிக்கிற ஒரு மகள் என்னிடம் கேட்ட கேள்வி இது. தன் ஊர்க் கூத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். அவருடைய அம்மப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிற ஆசான். "எழுதின பக்கத்தைத் திரும்ப வாசித்தால் வேறு யாரோ எழுதினது மாதிரி இருக்கிறது. 'நான்' என்று எழுதக்கூடாது என்கிறார்கள். வீட்டுப் பேச்சு வந்தால் தரமில்லை என்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதை எழுதினால் கொப்பி என்கிறார்கள். அப்போ நான் எங்கே நிற்பது? எனக்கு எழுத வராதா?"

உங்களுக்கு எழுத வருகிறது மகள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தேகத்தோடேயே படிப்பை முடித்துப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபது வருஷத்துக்கு மேலாக ஆய்வேடுகளைத் திருத்தி வருகிறேன். எழுதிய பக்கம் தன்னுடையதாக இல்லையே என்று கவலைப்படுகிறவர் பெரும்பாலும் நன்றாக யோசிக்கிற மாணவராகத்தான் இருப்பார். மற்றவர்களுக்கு அந்த உறுத்தலே வராது.

ஆய்வு மொழி ஒருவருக்கும் தாய்மொழி இல்லை. பிரான்சின் சமூகவியலாளர்கள் பூர்தியூவும் பஸ்ஸரோனும் 1960களிலேயே இதைச் சொன்னார்கள்: படித்த குடும்பத்துப் பிள்ளைக்கும் அது தாய்மொழி அல்ல. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சிலிருந்து ஆய்வு மொழிக்குப் போகிற தூரம் குறைவு. உங்களுக்குத் தூரம் கூட. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் புள்ளி போடுகிறபோது அந்தத் தூரம் கணக்கில் வருவதில்லை.

நம்முடைய பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. களவெட்டியில், அதாவது நெற்களத்தில், சூடு மிதிக்கிற காலத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிற மற்றச் சாமான்கள் பலவற்றுக்கும் களத்துக்கென்று வேறு பெயர்கள் இருந்தன. வீட்டில் பேசுகிற சொல்லை அங்கே பேசினால் பூதம் பொலியைக் கொண்டுபோய்விடும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். இப்போது வெட்டும் மெஷின் வந்து அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் முதல்முறை களத்துக்குப் போன பொடியன், தன் மொழியைப் பறிகொடுத்துவிட்டதாக நினைத்திருக்கமாட்டான். பக்கத்தில் நின்ற மாமா "இங்கே இப்படிச் சொல்ல வேணும்" என்று காதோடு சொல்லிக் கொடுத்திருப்பார். ஏன் என்றும் சொல்லியிருப்பார். பல்கலைக்கழகத்தில் களம் இருக்கிறது, தனி மொழியும் இருக்கிறது. அந்த மாமா மட்டும் இல்லை. பிழை விட்ட பிறகு சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறோம். இதை ஒரு விரிவுரையாளராக நான் எங்கள் பக்கத்துக் குறையாகவே சொல்கிறேன்.

உயர்தரத்தில் என்ன பழகினீர்கள் என்பதையும் யோசியுங்கள். ரியூஷன் நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம். புள்ளித்திட்டத்தில் உள்ள சொல் விடையில் வந்தால்தான் புள்ளி. நோட்ஸை அப்படியே நினைவில் வைத்து எழுதியவரைக் கெட்டிக்காரர் என்றோம். அதே பிள்ளை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ வந்து சில மாதங்களில் "உங்கள் கருத்து எங்கே?" என்று கேட்கப்படுகிறார். நோட்ஸை எழுதினால் களவு என்கிறார்கள். விதி மாறிவிட்டது, மாறியதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. மாணவருக்கு எழுத்துத் திறமை இல்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், ஆனால் "வாதம்", "அமைப்பு" என்பவற்றால் என்ன கேட்கிறோம் என்பதை அந்த ஆசிரியர்களாலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை, ஒரு பாடத்திலிருந்து இன்னொரு பாடத்துக்குப் போனால் அதுவும் மாறிவிடுகிறது. ஆகவே இது படுவான்கரைப் பிள்ளைக்கு மட்டும் வந்த சோதனை இல்லை.

இனி உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருகிறேன். எழுத்தில் "நான்" என்பது ஒன்றல்ல. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ரோஸ் இவானிச், வயது வந்த பிறகு படிக்க வந்த மாணவர்களோடு கூட இருந்து அவர்கள் எழுதுவதைப் பார்த்து, 1998இல் ஒரு நூல் எழுதினார். அவர் சொல்வதை உங்கள் நிலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கூத்தாடுகிற களரிக்குப் பக்கத்தில் பாயில் படுத்து மத்தளச் சத்தத்தோடு தூங்கிப்போன ஒரு பிள்ளை இருக்கிறாள். அவள் வாழ்ந்து வந்த நான். அந்தப் பக்கத்தை வாசிக்கிறவர் மனதில் ஒரு ஆள் எழும்புகிறார், அவர் உங்களைப் போல இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவது, "இதை நான் சொல்கிறேன், இதற்கு நான் பொறுப்பு" என்று நிற்கிற ஆள். இந்த மூன்றுக்கும் வெளியே, இந்தத் துறையில் எப்படிப்பட்ட ஆளாக நிற்பதற்கு இடம் கொடுக்கிறார்கள் என்ற எல்லை ஒன்றும் இருக்கிறது.

"வேறு யாரோ எழுதினது மாதிரி" என்று நீங்கள் சொன்னது முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. அந்த இடைவெளி எல்லோருக்கும் இருக்கும், அதனால் பெரிய நட்டம் இல்லை. எனக்குக் கவலை மூன்றாவது ஆளைப் பற்றித்தான். அவர் உங்கள் பக்கத்தில் இல்லவே இல்லை.

நீங்கள் காட்டிய பந்தியை எடுப்போம். "மட்டக்களப்புப் பிரதேசத்தில் கூத்தானது பாரம்பரியக் கலை வடிவமாகக் காணப்படுகின்றது. கூத்துப் பழகும் காலத்தில் சட்டம் கொடுத்தல் எனும் நிகழ்வு இடம்பெறுவதாகக் கூறப்படுகின்றது." நம்முடைய கலைப்பீட ஆய்வேடுகளைத் திறந்தால் இந்தக் "காணப்படுகின்றது" ஒரு பக்கத்தில் ஏழெட்டு முறை வரும். வறுமை காணப்படுகின்றது, இடைவிலகல் காணப்படுகின்றது, வழிபாடு காணப்படுகின்றது. யார் கண்டது? எப்போது, எங்கே நின்று? "கூறப்படுகின்றது" என்றால் யார் கூறியது? சட்டம் கொடுத்தது உங்கள் அம்மப்பா. கொடுத்த இடம் உங்கள் வீட்டு வளவு. வேஷக்காரர் ஒவ்வொருவரும் தன் பாட்டுப் பகுதியை, அதாவது சட்டத்தை, வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள். இவ்வளவும் தெரிந்த ஒருவர் "கூறப்படுகின்றது" என்று எழுதுவது அடக்கம் அல்ல. சாட்சி கூண்டிலிருந்து இறங்கிப் போய்விட்டார் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இந்த வினைவடிவமே பிழை என்று சொல்லவில்லை. செய்தது யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அது வேண்டும். "கூத்துக் கொப்பிகள் வீட்டுப் பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்தன" என்றால் சரி, வைத்தது யார் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு கருத்தை, ஒரு காட்சியை, ஒரு தீர்ப்பைச் சொல்கிற இடத்தில் ஆள் மறையக்கூடாது.

"நான்" என்ற சொல்லை விடச் சொல்கிறார்கள் என்றால் அதற்குப் பெரிய சண்டை பிடிக்கத் தேவையில்லை. தமிழ் வினைமுற்றில் ஆள் ஏற்கெனவே இருக்கிறார். "பார்த்தேன்", "கேட்டறிந்தேன்" என்றால் போதும், தனியாக "நான்" வேண்டாம். அதற்கும் தடை என்றால் "இவ்வாய்வை எழுதுபவர் அவ்வூர் அண்ணாவியார் ஒருவரின் பேத்தி, கீழே வரும் விவரங்கள் அவருடன் நடத்திய உரையாடல்களிலிருந்தும் சிறுவயது முதல் நேரில் பார்த்தவற்றிலிருந்தும் பெறப்பட்டவை" என்று ஒரு முறை எழுதிவிடுங்கள். "நான்" என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை, ஆனால் ஆள் நிற்கிறார். இதற்கு மாறாக, பக்கத்துக்குப் பத்து "நான்" போட்டும் ஒரு கருத்துக்குக்கூடப் பொறுப்பு எடுக்காத கட்டுரைகளையும் வாசித்திருக்கிறேன்.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. "நாம்" என்றால் வாசிக்கிறவரும் உள்ளே. "நாங்கள்" என்றால் அவர் வெளியே. "எங்கள் ஊரில் கூத்து ஒரு நேர்த்திக்கடன்" என்று எழுதும்போது நீங்கள் ஊரோடு நின்று வாசகருக்குச் சொல்கிறீர்கள். "இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது" என்னும்போது வாசகரின் பக்கத்தில் வந்து நின்று ஊரைப் பார்க்கிறீர்கள். "இக்கிராம மக்கள்" என்னும்போது இரண்டு பக்கமும் இல்லை, காரில் வந்து போகிற அதிகாரி மாதிரி. ஒரே ஆய்வேட்டில் முதல் இரண்டும் வரலாம், வரவும் வேண்டும். எந்த வரியில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் குழப்பம் இல்லை.

"நான் யார் என்று சொல்வது மேல்நாட்டு முறை, தமிழ்ப் புலமைக்கு அது பழக்கமில்லை" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்தவர்களுக்கு நன்னூல் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டு நூல். சிறப்புப்பாயிரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அது எட்டு விஷயம் சொல்கிறது: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்குகிற எல்லை, நூற்பெயர், யாப்பு, சொல்ல எடுத்த பொருள், கேட்போர், பயன். முதலாவதே ஆக்கியவர் பெயர் என்பதைப் பாருங்கள். எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் நிற்கிறது, யாருக்காக என்பதெல்லாம் நூலின் வாசலிலேயே சொல்லப்பட வேண்டியவை. இன்றைக்கு ஆய்வு முறையியலில் ஆய்வாளர் தன் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது இதிலிருந்து அவ்வளவு தூரம் இல்லை. மேற்கோள் காட்டுவதும் அப்படித்தான். தொல்காப்பியத்தில் "என்மனார் புலவர்" திரும்பத் திரும்ப வருகிறது. முன்னோர் சொன்னது எது என்று காட்டுகிற பழக்கம் நமக்கு இரவல் இல்லை.

கூத்தை எடுத்துக்கொண்டதால் ஒரு முன்னுதாரணமும் சொல்கிறேன். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மட்டக்களப்புக் களரிக்கு வெளியிலிருந்து வந்தவர். அவருடைய இராவணேசன் கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு, மட்டக்களப்பார். பிறகு அவரே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். வெளியிலிருந்து வந்தவருக்குக் கூத்தின் பெறுமதி தெரிந்தது. உள்ளே இருந்து ஆடியவருக்குத் தாளக்கட்டு காலில் தெரிந்தது. ஆடிய கால் என்பதால் ஆய்வு பழுதாகவில்லை. உங்கள் ஆய்வேட்டிலும் அந்தக் கால் வேண்டும்.

உள்ளே இருப்பவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாணவி கடற்கரைக் கிராமங்களிலிருந்து திராய்மடு மீள்குடியேற்றத்துக்குப் போன குடும்பங்களைப் பற்றி எழுதினார். 2004 டிசம்பர் 26இல் அவரும் வீட்டையும் தாயையும் இழந்தவர். முதல் வரைவைக் கொண்டுவந்தார். "பாதிக்கப்பட்டோர் உளநெருக்கடிக்கு உள்ளாகியுள்ளமை காணப்படுகின்றது." அட்டவணை எல்லாம் சரி, மேற்கோள் எல்லாம் சரி. நான் ஒன்றும் தெரியாமல், "இந்த இடத்தில் கொஞ்சம் நெருக்கமாக எழுதலாமே" என்று சொன்னேன். அந்தப் பிள்ளை நிறைய நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சேர், இப்படி எழுதினால்தான் என்னால் எழுதி முடிக்க ஏலும்."

அன்றைக்கு நான் படித்தது பெரிது. ஆள் இல்லாத அந்த மொழி சிலருக்கு ஒரு குடை. அதைப் பிடுங்கக்கூடாது. தன்னை எவ்வளவு காட்டுவது என்பதை எழுதுகிறவர் தெரிவு செய்ய வேண்டும், மேற்பார்வையாளர் அல்ல. கடைசியில் அவர் முறையியல் அத்தியாயத்தில் இரண்டு வரி மட்டும் சேர்த்தார். தானும் அந்தக் கரையிலிருந்து வந்தவர் என்றும், சில கேள்விகளைக் கேட்காமல் விட்டதாகவும். ஏன் விட்டேன் என்று எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஆய்வேட்டில் நான் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டு வரிகளைத்தான்.

உங்கள் நிலை அதுவல்ல என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சொல்ல ஆசை இருக்கிறது, இடம்தான் கிடைக்கவில்லை.

கொப்பி அடிப்பது பற்றிச் சுருக்கமாக. வேண்டுமென்றே இன்னொருவர் எழுதியதைத் தன் பெயரில் போடுவது பிழைதான், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் புத்தக வரியை எடுத்து இரண்டு சொல்லை மாற்றி, இன்னொரு வரியோடு ஒட்டி எழுதுகிறார்களே, அதில் நிறையப் பேர் களவெடுக்கவில்லை. புதிய மொழியைப் பிடிக்கத் தத்தளிக்கிறார்கள். அமெரிக்காவில் ரெபெக்கா மூர் ஹவார்ட் 1990களில் இதை "ஒட்டுப்போட்டு எழுதுதல்" என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்து, இது கற்றுக்கொள்கிற வழியில் வருகிற ஒரு கட்டம் என்று வாதாடினார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அதற்கு நான் சொல்கிற பரிகாரம் ஒன்றே ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு, கூடப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கருத்தை வாயால் சொல்லுங்கள். சொன்ன மாதிரியே எழுதுங்கள். பிறகு திறந்து சரி பாருங்கள், ஆசிரியர் பெயரைப் போடுங்கள்.

உங்கள் நண்பர்களில் முகாமைத்துவம், விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு இதோடு ஆங்கிலமும் சேர்ந்த பாரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் யுத்த காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மாணவர்கள் பாடப்புத்தக ஓரங்களில் கிறுக்கி வைத்திருந்தவற்றைக்கூட எடுத்து ஆராய்ந்தார். வகுப்பில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே பிள்ளைகள் ஓரத்தில் தங்கள் சொந்த உலகத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்நிய மொழியில் எழுதுகிறவர் ஒன்றில் அடிபணிகிறார் அல்லது விலகி ஓடுகிறார் என்று இரண்டு வழி மட்டும் இல்லை, அந்த மொழியைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்ளவும் முடியும் என்பது அவருடைய வாதம். அவருடைய எழுத்து வாழ்க்கையே அதற்கு அத்தாட்சி.

ஊர்ச் சொற்களை என்ன செய்வது? விட்டுவிடாதீர்கள், விளக்குங்கள். மருதமுனையிலிருந்து ஒரு மாணவர் கைத்தறி பற்றி எழுதினார். வாப்பாவும் மூத்தாப்பாவும் நெசவுக்காரர். தறியில் நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் வீட்டில் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் வரைவில் "உற்பத்திச் செயன்முறை" என்று ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குள் மூன்று தலைமுறை வேலை காணாமல் போயிற்று. படுவான்கரைக்காரருக்கு இதற்கு எளிய உதாரணம் "பாதை". மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைப் பாதையில்தான் கடந்தோம். வெளியூர் வாசகர் அதைத் தெரு என்று நினைப்பார். அதற்காக "படகுச் சேவை" என்று மாற்றிவிட்டால் நம் சொல் ஆய்வில் பதியாமலே போகும். முதல் முறை வரும்போது "வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் கடைசி வரைக்கும் பாதை என்றே எழுதுங்கள். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கரப்புடுப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மேற்பார்வையாளரோடு கதைக்கிறபோது "எனக்கு 'நான்' என்று எழுத விருப்பம்" என்று தொடங்காதீர்கள். "இந்தத் தரவு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முறையியலில் சொல்ல வேண்டியிருக்கிறது, எந்த வடிவத்தில் சொல்லலாம்?" என்று கேளுங்கள். வடிவத்தை அவர் தீர்மானிக்கட்டும், விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மப்பாவோடு கதைத்ததை வீட்டுப் பேச்சு என்று விடாமல், நேர்காணல் என்று திகதி, இடம் போட்டுப் பதியுங்கள். அவர் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். கூத்து ஒரு குடும்பத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. யாருக்கு எந்த வேஷம் போனது, யாருக்குப் போகவில்லை என்பதற்குள் ஊரின் குடி, சாதி எல்லாம் இருக்கிறது. உள்ளே பிறந்தவருக்கு அது கண்ணில் படாது, பட்டாலும் எழுதக் கை வராது. அந்த இடத்தில் வெளியாள் போல ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அதில் ஒரு கேள்வி உங்கள் வரைவில் இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மரபான களரியில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி ஆடினார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டீர்கள். எழுதுகிறவர் அண்ணாவியாரின் பேத்தி. தாளம் தெரியும், பாட்டு மனப்பாடம். உங்களுக்கு அவர் ஏன் சட்டம் தரவில்லை? அடுத்த கிழமை ஊருக்குப் போகும்போது அம்மப்பாவிடம் அதைக் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை, அவர் சொன்ன பேச்சிலேயே கொப்பியில் எழுதி, கீழே திகதி போட்டுக் கொண்டுவாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தை அதிலிருந்து தொடங்கலாம்.